ஹையேஸ் இன்ஜின்: ரிங் வேலையா, போரிங்கா, ஜப்பான் இன்ஜினா?

டொயோட்டா ஹையேஸ் வேனின் '3எல்' மாடல் டீசல் இன்ஜின் நீலப்புகை தள்ளி ஆயில் குடிக்க ஆரம்பித்துவிட்டால், ரங்கூன் பட்டறைகளில் மூன்று வழி சொல்வார்கள்: பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங், கிராங்கைத் தாங்கும் பேரிங் மட்டும் மாற்றுவது, தேய்ந்த சிலிண்டரைப் பெரிதாகக் கடைந்து (போரிங்) முழு வேலை செய்வது, ஜப்பானில் கழற்றிய பழைய இன்ஜினை வாங்கி ஏற்றிவிடுவது. பெரும்பாலும் விலையைக் கேட்டுத்தான் முடிவெடுக்கிறோம். முதலில் அளந்து பாருங்கள் என்பதே என் வாதம்.

ரிங் வேலை மலிவு, வண்டியும் சீக்கிரம் ரோட்டுக்கு வந்துவிடும். ஆனால் போர், அதாவது பிஸ்டன் ஓடும் சிலிண்டர் துளை, நன்றாக இருக்க வேண்டும். 3எல்லின் போர் 96 மி.மீ. சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றியதும் சிலிண்டரின் மேல்பகுதியில் நகத்தை வைத்து இழுத்துப் பாருங்கள். மேல் ரிங் திரும்பும் இடத்தில் நகம் தட்டி நின்றால், அங்கே தேய்ந்து வரம்பு போல ஒரு விளிம்பு விழுந்திருக்கிறது. பெகு நகரம் தாண்டி மண்பாதையில் கோடை முழுக்க ஓடும் வண்டியில் ஏர் ஃபில்டர் குழாய் கிழிந்திருந்தால், தூசி முதலில் அரிப்பது இந்த இடத்தைத்தான். அப்புறம் போர் கேஜ் வைத்து மேல், நடு, அடி என மூன்று உயரத்திலும் நெடுக்கும் குறுக்கும் அளக்கச் சொல்லுங்கள். தேய்மானம் 0.2 மி.மீ. தாண்டியிருந்தால் புது ரிங் வீண் செலவு. அந்த விளிம்பில் இடித்தே அது உடையவும் செய்யும்.

அப்படியானால் போரிங்தான். பெரிதாகக் கடையும் போருக்கான ஓவர்சைஸ் பிஸ்டன் கைக்கு வந்த பிறகே சிலிண்டர் பிளாக்கை லேத்துக்கு அனுப்புங்கள். பிஸ்டனை அளந்துதான் போரைக் கடைய வேண்டும். போர் போய்விட்டது என்பதற்காக பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்கையும் சேர்த்துக் கடையச் சொல்வார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள். கிராங்கில் பேரிங் உட்காரும் ஜர்னலில் மெல்லிய கோடு தெரிந்தாலும் நகம் சிக்காமல், மைக்ரோமீட்டரில் அளவும் வட்டமும் சரியாக இருந்தால் பாலிஷ் போதும். ஸ்டாண்டர்டு பேரிங்கே போடலாம். கனெக்டிங் ராடு, கேம் எல்லாம் அளவில் நின்றால் அப்படியே திரும்பப் போடலாம். டைமிங் பெல்ட் மட்டும் புதிதாக இருக்கட்டும். அது அறுந்தால் வால்வு பிஸ்டனில் இடிக்கும்.

ஜப்பான் இன்ஜினை 'குறைவாக ஓடியது' என்று சொல்லித்தான் விற்பார்கள். 3எல் வந்த 100 வரிசை ஹையேஸ் ஜப்பானில் 2004இலேயே அடுத்த மாடலுக்கு மாறிவிட்டது. ஆக, அங்கிருந்து வரும் 3எல் எதுவானாலும் 20 வயது தாண்டியதுதான். ஆயில் வடித்து மாதக்கணக்கில் கிடந்ததில் சிலிண்டருக்குள் துரு பிடித்திருக்கலாம். அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்பைக் கழற்றி, ஒரு பேரிங் கேப்பையாவது இறக்கிக் காட்டாத கடையில் வாங்கவே வாங்காதீர்கள். நம் வண்டி எப்போது சூடேறியது, எப்போது ஆயில் மாற்றினோம் என்பது நமக்குத் தெரியும். அந்த இன்ஜினைப் பற்றி யாருக்குத் தெரியும்?

சூடேறி ஹெட்டில் வால்வுகளுக்கு நடுவே விரிசல் விட்டு, பிளாக்கும் கெட்டுப்போன வண்டிக்குத்தான் ஜப்பான் இன்ஜினைச் சொல்வேன். அப்போதும் பழைய கிராங்க் அளவில் இருந்தால் பட்டறையில் விட்டுவிட்டு வராதீர்கள். ஆயில் தடவிச் சுற்றி, நிமிர்த்தி வையுங்கள். வாங்கிய இன்ஜினின் கிராங்க் கெட்டால் அதையே மாட்டலாம்.