ஒரு மொடம், இரண்டு கணினி: விண்டோஸ் 98 பகிர்வு வசதி எப்படி?

1999இல் வெளிவந்த விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பில் இணைய இணைப்புப் பகிர்வு என்றொரு வசதி உண்டு; ஒரு கணினியின் இணைய இணைப்பை மற்றொரு கணினியும் பயன்படுத்த அது வழிசெய்யும். போரால் மூடியிருந்த, யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை 2002இல் திறந்த பிறகு கொழும்பிலிருந்து பழைய கணினி ஒன்று கொக்குவிலில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. தொலைபேசி இணைப்போ ஒன்றுதான். தங்கைக்கும் எனக்கும் நடந்த சண்டையை நிறுத்தியது இந்த வசதிதான்.

பொருத்துவதில் பெரிய சிக்கல் இல்லை. இரண்டு கணினியிலும் வலையமைப்பு அட்டை, நடுவே இரு கணினிகளை நேரடியாக இணைக்கும் ஒரு குறுக்குக் கேபிள்; பல கணினிகளை இணைக்கும் ஹப் பெட்டி தேவையில்லை. மொடம் (தொலைபேசிக் கம்பி வழியே இணையத்துடன் இணைக்கும் கருவி) உள்ள கணினி 192.168.0.1 என்ற வலையமைப்பு முகவரியை எடுத்துக்கொண்டு, மற்றதற்கும் தானே முகவரி வழங்கிவிடும். தங்கையிடம் இருந்த விண்டோஸ் 95 கணினியும் முரண்டு பிடிக்கவில்லை.

வேகத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். 56 கே, அதாவது நொடிக்கு 56 கிலோபிட், என்பது மொடப் பெட்டியில் அச்சடித்த எண். மாரி தொடங்கினால் எங்கள் வீதிக் கம்பியில் இரைச்சல் ஏறி, அதில் பாதி வருவதே பெரிய காரியம். தங்கை லண்டன் சித்தியுடன் யாகூவில் எழுதிக்கொண்டிருக்க, நான் பாமினி என்ற தமிழ் எழுத்துருவில் வந்த செய்திகளை வாசிப்பேன். இருவருக்கும் இடைஞ்சல் இல்லை. நான் பாட்டொன்றை இறக்கத் தொடங்கினால்தான் வினை. 4 மெகாபைட் கோப்புக்கு முழு வேகம் கிடைத்தாலும் பத்து நிமிடம் ஆகும். அதற்குள் பக்கத்து அறையிலிருந்து "அண்ணா, நிறுத்துங்கள்!" என்று குரல் வந்துவிடும்.

எனக்குப் பிடிக்காதது வேறொன்று. தங்கை உலாவியைத் திறந்தாலே என் அறையில் மொடம் தானாக எண்ணை அழுத்திக் கீச்சிடத் தொடங்கும். தொலைபேசிக் கட்டணம் நிமிடக் கணக்கில் ஏறும்போது இது வசதியா, வம்பா? தானாக அழைப்பதை நிறுத்திவைப்பதே நல்லது. சும்மா இருந்தால் இணைப்பைத் துண்டிக்கும் நேரத்தையும் ஐந்து நிமிடமாகக் குறைத்துவிடுங்கள். அதோடு, மொடக் கணினி செயலிழந்து நீலத்திரை காட்டினால் மற்றதற்கும் இணையம் போய்விடும்; விண்டோஸ் 98 அதை அடிக்கடி காட்டும்.

ஆனாலும் தனியாக எதுவும் வாங்காமல், நிறுவல் குறுந்தட்டிலிருந்தே இவ்வளவு கிடைத்தது. ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். இன்று பழைய கணினிகளை ஆசைக்கு வைத்திருப்போர் பொருத்திப் பார்க்கலாம். மைக்ரோசொப்ட் 2006 ஜூலையிலேயே இதற்கான ஆதரவை நிறுத்திவிட்டது. வங்கிக் கணக்கை மட்டும் அதில் திறக்க வேண்டாம்.