ஆர்க்பார்ஸ்: நெடுநாள் பயன்பாட்டில் கண்டவை

பைத்தானில் கன்சோல் நிரல் எழுத உட்கார்ந்தால் நான் முதலில் சேர்ப்பது, கட்டளையில் நிரலின் பெயரோடு கொடுக்கும் விவரங்களை (ஆர்க்யுமென்ட்களை) படித்துத் தரும் ஆர்க்பார்ஸ் தொகுதியைத்தான். 2010-இல் வெளியான பைத்தான் 2.7-இலிருந்தே மொழியுடன் சேர்ந்து வருவதால் தனியாக நிறுவ வேண்டியதில்லை. படங்களின் அளவைக் குறைப்பது, சிஎஸ்வி கோப்புகளை ஒன்றுசேர்ப்பது என்று நான் எழுதிவைத்த நிரல்கள் எல்லாமே இதை நம்பித்தான் ஓடுகின்றன.

மிகவும் பிடித்தது --ஹெல்ப். மாதக்கணக்கில் தொடாத நிரலும் தனக்கு என்னென்ன வேண்டும் என்று தானே சொல்லிவிடும். ஒவ்வொரு ஆர்க்யுமென்டுக்கும் ஒரு வரி விளக்கம் எழுதுவது அலுப்பான வேலைதான். நிரல் இன்னொருவர் கைக்குப் போகும்போது அதன் அருமை தெரியும். எண் கேட்ட இடத்தில் எழுத்தைக் கொடுத்தால், கோளாறு எந்த ஆர்க்யுமென்டில் என்று சொல்லிவிட்டு, தவறு நடந்ததைக் காட்டும் 2 என்ற எக்ஸிட் கோடுடன் நின்றுவிடும். நிரலைக் குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் கிரானில் ஓட்டுபவர்களுக்கு இது பெரிய நிம்மதி.

குறைகளும் உண்டு. ட்ரூ (ஆம்) அல்லது ஃபால்ஸ் (இல்லை) என்ற மதிப்பை வாங்க டைப்=பூல் என்று எழுதிவிட்டு, ஓட்டும்போது --பேக்கப் ஃபால்ஸ் என்று கொடுத்துப் பாருங்கள், பேக்கப் நடக்கும்! காலியாக இல்லாத எந்த ஸ்ட்ரிங்கும் (எழுத்துச் சரமும்) பைத்தானுக்கு ட்ரூதான். இதற்கு, பெயரைக் கொடுத்தாலே ட்ரூ ஆகிவிடும் ஸ்டோர்_ட்ரூ ஆக்‌ஷனே சரி. அப்புறம் சுருக்கப் பெயர்கள். --அவுட்புட் என்பதை --அவுட் என்று எழுதினாலும் ஏற்றுக்கொள்ளும். பின்னாளில் --அவுட்லைன் என்று ஒன்றைச் சேர்த்தால், அதுவரை ஓடிய பழைய கட்டளை எதைச் சொல்கிறது என்று புரியாமல் நின்றுபோகும். பைத்தான் 3.5 முதல் இதை அணைக்க வழி இருக்கிறது. புது நிரல் எதுவானாலும் நான் அணைத்துவிட்டுத்தான் தொடங்குகிறேன்.

சில தொல்லைகளுக்கு ஆர்க்பார்ஸைக் குறை சொல்லிப் பயனில்லை. கோயில் படங்கள் என்ற ஃபோல்டர் பெயரை மேற்கோள் குறி இல்லாமல் கொடுத்தால், நாம் தட்டும் கட்டளையை வாங்கி ஓட்டும் ஷெல் அதை இரண்டாக உடைத்துத்தான் நிரலிடம் தரும். *.ஜேபிஜி என்று கொடுத்தால் லினக்ஸில் பாஷ் என்ற ஷெல் அதைக் கோப்புப் பெயர்களாக விரித்துத் தரும். விண்டோஸ் சிஎம்டியில் நட்சத்திரம் அப்படியே வந்து சேரும். இரண்டிலும் ஓட வேண்டிய நிரலென்றால் நட்சத்திரத்தைக் கோப்புப் பெயர்களாக விரிக்கும் குளோப் தொகுதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடவுச்சொல்லை மட்டும் ஆர்க்யுமென்டாக வாங்கவே வாங்காதீர்கள். நிரல் ஓடும்போது ஓடும் நிரல்களைப் பட்டியலிடும் பிஎஸ் கட்டளையில் அது தெரியக்கூடும், ஷெல் ஹிஸ்டரியிலும் தங்கிவிடும். கடவுச்சொல்லைத் திரையில் காட்டாமல் கேட்டு வாங்க கெட்பாஸ் தொகுதி இருக்கிறது.