ஐஸ்லாந்து தென்கரை: குளிர்கால ஒளிப்படப் பயணச் சேவை
ஐஸ்லாந்தின் தென்கரைக்குச் சிறு குழுவாக அழைத்துச் செல்லும் இந்தப் பயணத்தை நிலக்காட்சி ஒளிப்படக்காரர்களுக்குத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். டிசம்பரில் பகல் 4 முதல் 5 மணி நேரமே என்றாலும், சூரியன் அடிவானத்தை ஒட்டியே நகர்வதால் பொன்னிற ஒளி நெடுநேரம் நீடிக்கிறது. அதை வீணாக்காமல் யோகுல்சார்லோன் பனியாற்று ஏரிக்கு அருகிலேயே தங்கவைத்தார்கள். ஏரியை அடுத்த கடற்கரையின் கருமணலில் ஒதுங்கிய பனிக்கட்டியின் முன் கேமரா முக்காலியை ஆழ ஊன்றி, அலை பின்வாங்கும்போது ஒரு விநாடி அளவு ஷட்டரைத் திறந்துவைத்தால் நுரை வெண்கோடுகளாகப் பதியும் என்பதை வழிகாட்டி பொறுமையாகக் கற்றுக்கொடுத்தார். ரேனிஸ்ஃபியாரா கடற்கரையில் திடீரென ஏறிவரும் அலைகள் உயிர்களைப் பறித்திருப்பதால், கடலுக்கு முதுகு காட்டி நிற்க எவரையும் அவர் அனுமதிக்கவில்லை. உணவு சுமாராகத்தான் இருந்தது. குளிரில் பேட்டரி விரைவில் இறங்கிவிடும். உபரியானவற்றைச் சட்டையின் உட்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.