மிர்டாசபின் 30 மில்லிகிராம்: மெத் பழக்கத்துக்கு எதிராக ஒரு பழைய மாத்திரை

மிர்டாசபின் மனச்சோர்வுக்கான மாத்திரை. அமெரிக்காவில் 1996 முதல் புழக்கத்தில் இருப்பது. அதை இங்கே மதிப்பிடக் காரணம், மெத்தம்பெட்டமைன் (சுருக்கமாக மெத்) என்ற ஊக்கமூட்டும் போதைப்பொருளின் பழக்கத்தைக் குறைக்க அது உதவுமா என்று சான்பிரான்சிஸ்கோ நகரின் பொதுச் சுகாதாரத் துறை ஆய்வாளர்கள் இருமுறை சோதித்துப் பார்த்ததுதான். ஹெராயின் பழக்கத்துக்கு மெத்தடோன், பூப்ரனார்ஃபின் என்று மருந்துகள் இருக்கின்றன. மெத்தம்பெட்டமைனுக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஒப்புதல் அளித்த மருந்து ஒன்றுகூட இல்லை.

2011இல் வெளியான முதல் சோதனையில், ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்கள் 60 பேர் பங்கேற்றனர். போதையோடு பாதுகாப்பற்ற உறவும் சேர்ந்துகொள்வதால் எச்ஐவி தொற்றும் அபாயம் இவர்களுக்கு அதிகம். பாதிப் பேருக்கு மிர்டாசபின், பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத போலி மாத்திரை, எல்லோருக்கும் ஆலோசனை என 12 வாரங்கள் நடந்த அந்தச் சோதனையில், மருந்து பெற்றவர்களின் சிறுநீரில் மெத்தம்பெட்டமைன் தென்பட்ட விகிதம் 73 சதவீதத்திலிருந்து 44 ஆக இறங்கியது. மற்றவர்களிடம் 67 என்பது 63 ஆனதோடு சரி.

என்னை மிகவும் கவர்ந்தது மாத்திரையைவிட அதன் புட்டிதான். திறக்கும் ஒவ்வொரு முறையும் நேரத்தைப் பதிவு செய்யும் மின்னணு மூடி அதில் இருந்தது. ஏறத்தாழ 75 சதவீத மாத்திரைகளை விழுங்கியதாகப் பங்கேற்றவர்கள் சொல்ல, மூடியின் கணக்கோ 49 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. (மூடியையும் முழுதாக நம்பிவிட முடியாது, மூன்று நாளைக்கானதை ஒரேயடியாக எடுத்து வைத்துக்கொள்பவரை அது இரண்டு நாள் தவறவிட்டவராகவே எழுதும்.) பாதியளவே உட்கொண்டும் இந்தப் பலன் என்பதை மருந்தின் பெருமையாகவே கொள்கிறேன், ஆனால், தினமும் மறக்காமல் விழுங்க வேண்டிய மாத்திரை இந்த நோயாளிகளுக்குப் பொருத்தமான வடிவம்தானா என்ற ஐயமும் அங்கிருந்தே எழுகிறது.

2020இல் வெளியான இரண்டாவது சோதனை, திருநங்கைகளையும் சேர்த்து, 120 பேரிடம் 24 வாரங்கள் நடந்தது. பயன்பாடு மறுபடியும் குறைந்தது. மருந்தை நிறுத்தி 12 வாரம் கழிந்த பின்னும், போதை தென்பட்ட விகிதம் போலி மாத்திரைக் குழுவைவிடச் சுமார் கால் பங்கு குறைவாகவே இருந்தது. தூக்கமின்மையும் மனச்சோர்வும் தணிந்தன, ஆபத்தான உறவுகளும் குறைந்தன. மாத்திரை ஒழுங்காக விழுங்கப்பட்ட அளவோ இம்முறை 40 சதவீதத்தையும் எட்டவில்லை.

குறைகளைச் சொல்வதென்றால், உடல் எடை கூடும், பகலிலும் தூக்கக் கலக்கம் வரலாம். பல இரவுகள் கண் மூடாதவருக்கு அந்தத் தூக்கமே வரமாகவும் அமையலாம். போதையை அடியோடு நிறுத்தும் மருந்தை எதிர்பார்ப்பவர்கள் ஏமாறுவார்கள். இரண்டு சோதனைகளும் ஒரே நகரில், சிறிய எண்ணிக்கையில், பிறப்பால் பெண்களானவர்களைச் சேர்க்காமல் நடந்தவை. ஆகவே ஆலோசனையோடும் மருத்துவரின் கண்காணிப்போடும் தரும்போது மட்டுமே இதைப் பரிந்துரைப்பேன்; மருந்துக்கடையில் தானாக வாங்கி விழுங்குவதற்கு உரியதல்ல.