லாட்ஜுக்கு வைஃபை: பெரிய ஆன்டெனாவா, ரிப்பீட்டரா, கேபிளா?

மதுரை ஜங்ஷனுக்கு எதிரே, மேலப்பெருமாள் மேஸ்திரி வீதிப் பக்கம் லாட்ஜ் நடத்துபவர்கள் கேட்பது பெரும்பாலும் இதுதான்: "ரிசப்ஷன்ல நல்லா வருது தம்பி, மூணாவது மாடி கடைசி ரூம்ல மட்டும் வரமாட்டேங்குது. பெரிய ஆன்டெனா போட்டா சரியாயிருமா?"

ஆகாது. அதிலும் சிக்னல் கோடு முழுசாகக் காட்டி, பக்கம் மட்டும் திறக்காத அறைக்கு நிச்சயம் ஆகாது. வைஃபை இருவழிப் பேச்சு. சித்திரைத் திருவிழாவில் மைக் செட்டில் கூப்பிடுகிறவர் குரல் நாலு வீதிக்குக் கேட்கும்; கூட்டத்துக்குள்ளிருந்து நாம் போடும் பதில் சத்தம் அவர் காதில் விழாது. அந்த அறையில் நடப்பது அதேதான். செல்போனின் வைஃபை அனுப்பும் திறன் பொதுவாக ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. ரவுட்டரை மட்டும் உரக்கக் கத்தவிட்டு என்ன பயன்?

கத்தவும் சட்டம் விடாது. வைஃபை ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை லைசென்ஸ் இல்லாமல் யாரும் பயன்படுத்தலாம் என்பதால், அரசு அதற்கு 1 வாட் என்று வரம்பு வைத்திருக்கிறது. ஆன்டெனாவின் பலத்தையும் சேர்த்தால் 4 வாட். "செல்போன் டவர் மட்டும் அவ்வளவு தூரம் எட்டுதே?" என்பார்கள். டவருக்கு ஏலத்தில் எடுத்த தனி அலைவரிசை, உயரம், போனின் மெல்லிய சிக்னலையும் கேட்கும் கூர்மையான காது எல்லாம் உண்டு. அதோடு இதை ஒப்பிடுவதே நியாயமில்லை.

நீளக் கம்பி ஆன்டெனாவில் இன்னொரு வில்லங்கம். அது புதிதாகச் சக்தியை உண்டாக்குவதில்லை. மேலும் கீழும் போகிற அலையை அமுக்கிப் பக்கவாட்டில் பரப்புகிறது. தரைத்தளத்தில் நட்டால் எதிர்த்த டீக்கடைக்கு ஓசி நெட், மூன்றாம் மாடிக்கு முன்பைவிட மோசம்.

வைஃபையின் இன்னொரு அலைவரிசையான 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறலாமே? வேகம் அருமை, ஆனால் பழைய கட்டிடத்தின் தடித்த சுவர் இரண்டைத் தாண்டினால் மூச்சு வாங்கும். 2.4 சுவரைக் கொஞ்சம் நன்றாகத் தாண்டும், ஆனால் அதற்குள் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் (தனித்தனிப் பாதைகள்) 1, 6, 11 என்று மூன்றுதான். லாட்ஜுக்கு லாட்ஜ் ரவுட்டர் இருக்கிற வீதியில் எல்லாம் ஒன்றுக்கொன்று காத்திருந்துதான் பேச வேண்டும்.

ரிப்பீட்டர், அதாவது ரவுட்டர் சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் பெட்டி, மலிவு; பிளக்கில் சொருகினால் வேலை முடிந்தது. ஒரே பேண்டில் (அலைவரிசையில்) இயங்குவது என்றால், வாங்கிய அதே சேனலில் திருப்பி அனுப்புவதால் வேகம் ஏறக்குறைய பாதியாகும். அதைவிடக் கொடுமை, பலரும் அதைச் சிக்னலே இல்லாத கடைசி அறையில் மாட்டுவது. சிக்னல் நன்றாக இருக்கும் பாதி வழியில், படிக்கட்டுத் திருப்பத்தில் மாட்ட வேண்டும். வீட்டுக்குச் சரி, லாட்ஜுக்கு எனக்குப் பிடிக்காது.

என் ஓட்டு கேபிளுக்கு. மாடிக்கு ஒரு ஆக்சஸ் பாயின்ட் (கேபிளில் வரும் நெட்டை வைஃபையாகப் பரப்பும் பெட்டி), வராந்தா நடுவில், கூரையில். நெட்வொர்க் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும்; கரன்ட்டையும் அதிலேயே கொடுத்துவிடலாம். சுவரைத் துளைக்கிற செலவுதான் உறுத்தும். ஆக்சஸ் பாயின்ட்டின் சிக்னல் பவரைக் குறைத்து வைக்கச் சொன்னால் முதலாளிகள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். கூட்டி வைத்தால், மாடி ஏறிய ஆளின் போன் கீழ்த்தளத்து ஆக்சஸ் பாயின்ட்டையே பிடித்துக்கொண்டு தொங்கும்.

அப்போ வைஃபை தூரமே போகாதா என்றால், போகும். தேனி அரவிந்த் கண் மருத்துவமனை, அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்களோடு சேர்ந்து, சுற்றியுள்ள கிராமக் கண் பரிசோதனை மையங்களை வைஃபையிலேயே இணைத்தது. மையத்தில் உட்கார்ந்திருக்கும் நோயாளியிடம் தேனியிலிருக்கும் டாக்டர் வீடியோவில் பேசினார். ஆனால் அங்கே இரு முனையிலும் உயரமான கம்பம், ஒன்றையொன்று நேராகப் பார்க்கும் ஆன்டெனா, இடையில் மரம்கூட மறைக்கக் கூடாது. பக்கத்திலிருக்கும் கருவிகளை மனதில் வைத்து எழுதிய, வைஃபை கருவிகள் பேசிக்கொள்ளும் விதிகளையும் மென்பொருளில் மாற்றினார்கள். பக்கத்துத் தெருவில் உங்களுக்கே இன்னொரு கட்டிடம் இருந்தால் இந்த வழி நல்ல வழி. கட்டிலில் படுத்துக்கொண்டு போன் பார்க்கிறவருக்கு உதவாது.

கேபிளுக்கு இப்போது காசில்லை என்றால், செலவில்லாத வேலை ஒன்று: ரிசப்ஷனில் ஸ்டீல் பீரோவுக்குப் பின்னால், யுபிஎஸ்ஸுக்கு அடியில் கிடக்கிற ரவுட்டரை முதலில் வெளியே எடுங்கள்.