எம்3 ஆக்கித் தருகிறோம் என்று வாங்கி, பட்டி பூசித் திருப்பித் தந்த கூபே: வண்டியைக் கொடுக்கும் முன் படியுங்கள்

பிஎம்டபிள்யூ இ46 (3 சீரிஸின் ஒரு தலைமுறை) வரிசையின் சாதாரண இரண்டு கதவு கூபேயை, அதே வரிசையின் வேகமான மாடலான எம்3யின் தோற்றத்துக்கு மாற்றித் தருகிறோம் என்று முழுத் தொகையையும் முன்னாடியே வாங்கிக்கொண்ட ஒரு பட்டறையிலிருந்து வந்த கார் இது. பட்டறையின் பெயர் இங்கே வேண்டாம். கைக்கு வந்த அன்று பளபளவென்றுதான் இருந்தது. ஒரு வருடம் முடியும் முன்பே பின்சக்கர வளைவின் மேல் பெயின்ட் பிறை வடிவில் வெடித்தது. விரல் நகத்தை வைத்துத் தூக்கியதும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரே துண்டாகப் பட்டி (பள்ளத்தை நிரப்பப் பூசுகிற பசை) பெயர்ந்து வந்தது. அதன் அடியில் பழைய கூபேயின் தகடு, தொழிற்சாலை பெயின்ட்டோடு அப்படியே இருந்தது. அங்கே தொடங்கி ஒவ்வொன்றாகப் பிரித்ததில் தெரிந்தவற்றைத்தான் எழுதுகிறோம்.

முதலில் இந்த வேலை எவ்வளவு பெரியது என்று தெரிய வேண்டும். சாதாரண கூபேயின் அகலம் 1757 மி.மீ., எம்3யின் அகலம் 1780 மி.மீ. வெறும் 23 மி.மீ. தானே என்று நினைக்கிற வாடிக்கையாளரிடம்தான் இந்த ஏமாற்று எளிதாக நடக்கிறது. முன்பக்கம் பம்பர், பானெட், ஃபெண்டர் எல்லாம் போல்ட் கழற்றி மாட்டுகிற வேலை. பின்பக்கம் அப்படியில்லை. அங்கே அகலம் வருவது குவார்ட்டர் பேனலில், அதாவது பின்சக்கரத்தைச் சுற்றியுள்ள பக்கத் தகட்டில். அது பாடியோடு வெல்டிங்கில் சேர்ந்த தகடு. கதவுக்கு அடியில் ஓடுகிற சில் என்ற பகுதியில் தொடங்கி, கதவு ஓரம் வழியாக ஏறி, பின்கண்ணாடித் தூண், டெயில் லைட் பலகை வரை போகிறது.

ஒழுங்காகச் செய்தால் பின்கண்ணாடி, பக்கக் கண்ணாடி, சீட், கார்ப்பெட் எல்லாம் வெளியே வர வேண்டும். பெட்ரோல் ஊற்றும் வாய் வலது குவார்ட்டர் பேனலில் இருப்பதால் அந்தக் குழாயைக் கழற்றி, டேங்க் பக்கம் மூடிவிட்டுத்தான் வெல்டிங்கைப் பற்றவைக்க வேண்டும். பழைய வெளித்தகட்டை வெட்டி எடுத்த பிறகு உள்வளைவையும் பட்டை வைத்து வெளியே நீட்டிப் புதிய தகட்டின் விளிம்போடு சேர்க்க வேண்டும். பலரும் கைவிடுகிற இடம் இதுதான். இரண்டுக்கும் நடுவில் இடைவெளி விட்டால் டயர் வாரி அடிக்கிற தண்ணீரும் சேறும் நேராகப் பாடிக்குள் போகும். தகடு 1 மி.மீ.க்கும் குறைவான கனம் என்பதால் ஒரே இழுப்பில் வெல்டிங் ஓட்டினால் நெளிந்துவிடும். இங்கே ஒரு புள்ளி, அங்கே ஒரு புள்ளி என்று தாவித் தாவி, ஆறவிட்டு வைக்க வேண்டும். கிரைண்டர் பட்ட இடத்தில் துருத்தடுப்புப் பூச்சு போயிருக்கும். அங்கே எபாக்ஸி பிரைமர், மூட்டுக்கு சீலர், கடைசியில் உள்ளே மெழுகுத் தெளிப்பு. இவ்வளவும் முடிந்த பிறகுதான் பட்டிக்கு வேலை. அதுவும் 3 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது.

இந்தக் காரில் வெட்டவே இல்லை. பழைய வளைவின் மேல் ஃபைபர் துண்டு ஒன்றை ரிவெட் அடித்து ஒட்டி, மீதி வடிவத்தைப் பட்டியிலேயே இழைத்திருக்கிறார்கள். சில இடத்தில் பட்டி கட்டைவிரல் கனம். தகடு வெயிலில் விரிகிற அளவும் ஃபைபர் விரிகிற அளவும் வேறு. கதவைச் சாத்தும்போது வருகிற அதிர்வும் சேர்ந்தால் அந்த மூட்டு வெடித்தே தீரும். ரிவெட் போட்ட ஓட்டைகளில் பிரைமர் இல்லை. ஒவ்வொன்றையும் சுற்றித் துரு வளையம்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். பெயின்ட் கனமானி ஒன்று போதும். தொழிற்சாலை பெயின்ட் பெரும்பாலும் 80 முதல் 150 மைக்ரானுக்குள் காட்டும். மறுபடி அடித்திருந்தால் 200, 300 என்று ஏறும். 1000ஐத் தாண்டினால் அடியில் பட்டி. ஒன்றுமே காட்டாமல் தடுமாறினால் அடியில் இரும்பே இல்லை, அல்லது மானிக்கு எட்டாத கனத்தில் பட்டி என்று வைத்துக்கொள்ளலாம். அளக்கும் முன் கருவி இரும்புக்கு மட்டுமா, அலுமினியத்துக்கும் சேர்த்தா என்று பாருங்கள். எம்3யின் பானெட் அலுமினியம். மானி கிடைக்காவிட்டால் துணி சுற்றிய காந்தத்தை வளைவின் மேல் மெதுவாக நகர்த்துங்கள். எங்கே பிடி விடுகிறதோ அங்கே சந்தேகப்படுங்கள்.

அடுத்தது சைலன்சர். உயிருக்கே ஆபத்தான விஷயம் என்பதால் இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். எம்3யின் நாலு குழாய் சைலன்சர் பின்பக்கம் குறுக்காகக் கிடக்கிற பெரிய பெட்டி. அதற்காகவே எம்3யின் டிக்கித் தளத்தில் ஸ்டெப்னி குழி கிடையாது. சாதாரண கூபேயில் குழி உண்டு. ஆகவே அசல் பெட்டியை மாட்ட வேண்டுமென்றால் குழியை வெட்டி, புதுத் தளத்தை முழுச் சுற்றும் வெல்டிங் செய்து, சீலர் பூசி அடைக்க வேண்டும். இந்தக் காரில் குழியை வெட்டியிருக்கிறார்கள். தளத்துக்குப் பதில் மெல்லிய தகடு ஒன்றை ரிவெட்டில் நிறுத்தி ஓரத்தில் சிலிக்கோன் பசையைப் பிதுக்கியிருக்கிறார்கள். சைலன்சர் சூட்டில் சிலிக்கோன் உரிந்து, ஒரு பக்கம் விரல் நுழைகிற இடைவெளி. அந்த வழியாகப் புகை டிக்கிக்கும், அங்கிருந்து சீட்டுக்குப் பின்னால் கேபினுக்கும் வரும். அந்தப் புகையில் இருக்கிற கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயுவுக்கு வாசனை கிடையாது. தலைவலி, மயக்கம் வந்த பிறகுதான் தெரியும். உங்கள் கார் இப்படி மாற்றப்பட்டதென்றால் இன்றைக்கே டிக்கிக் கார்ப்பெட்டைத் தூக்குங்கள். இருட்டில் அடியிலிருந்து டார்ச் அடித்து, உள்ளே வெளிச்சம் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அந்தக் காரை ஓட்டாதீர்கள்.

அதே இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் இ46 வரிசைக்கே உள்ள பலவீனம் ஒன்று உண்டு. பின் சப்ஃப்ரேம் (பின்சக்கர அமைப்பைத் தாங்குகிற சட்டம்) பாடியோடு சேருகிற நாலு மவுண்ட் இடங்களில் தளத்தகட்டில் விரிசல் விழும். எம்3யிலும் விழும், சாதாரண கூபேயிலும் விழும். சப்ஃப்ரேமை இறக்கி, கறுப்புப் பூச்சைச் சுரண்டி, விரிசல் நுனியில் துளையிட்டு வெல்டிங் செய்து, மேலே வலுவூட்டும் தகடு வைப்பதுதான் முறை. இந்தக் காரின் பில்லில் ‘சப்ஃப்ரேம் வலுவூட்டல்’ என்று ஒரு வரி இருக்கிறது. அடியில் இருந்தது விரிசல் மேல் புதிதாகத் தெளித்த கறுப்புப் பூச்சு மட்டுமே. சப்ஃப்ரேம் போல்ட்டுகளில் ஸ்பேனர் பட்ட தடமே இல்லை. இறக்கவே இல்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

சக்கரத்திலும் இதே கதை. எம்3யின் 18 அங்குல வீல் முன்னால் 8 அங்குல அகலம், ஆஃப்செட் (வீல் ஹப்பில் உட்காருகிற முகம் வீலின் நடுக்கோட்டிலிருந்து எத்தனை மி.மீ. தள்ளியிருக்கிறது என்ற அளவு) 47. பின்னால் 9 அங்குலம், ஆஃப்செட் 26. இதை வாங்கித் தராமல் சாதாரண வீலையே மாட்டி, வளைவை நிரப்ப ஸ்பேசர் (வீலுக்கும் ஹப்புக்கும் நடுவில் வைக்கிற வளையம்) போட்டிருந்தார்கள். ஸ்பேசரே தவறில்லை. ஆனால் அதன் நடு வளையம் 72.6 மி.மீ. ஹப்பில் கச்சிதமாக உட்கார வேண்டும். ஸ்பேசர் எத்தனை மி.மீ.யோ போல்ட்டும் அத்தனை மி.மீ. நீளம் கூட வேண்டும். இதில் 10 மி.மீ. ஸ்பேசருக்குப் பழைய போல்ட்டே போட்டிருக்கிறார்கள். போல்ட்டின் மரை 1.5 மி.மீ. இடைவெளி, ஆக ஆறேழு சுற்றுப் பிடிப்பு காணாமல் போயிற்று. வீல் போல்ட்டைக் கையால் கழற்றும்போது சுற்றுகளை எண்ணுங்கள். நாலைந்திலேயே வெளியே வந்தால் அந்தச் சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

முன்பக்கம் சுருக்கமாக. கூபேக்கு 2003இல் முகம் மாறியது. ஹெட்லைட், ஃபெண்டர், பானெட் மூன்றும் வேறு. எம்3 கடைசிவரை பழைய ஹெட்லைட்டோடுதான் வந்தது. மாறிய பிறகு வந்த கூபே உங்களுடையது என்றால் ஹெட்லைட்டையும் சேர்த்து மாற்றியாக வேண்டும். இதை முதலிலேயே சொல்லாமல், வண்டியைப் பிரித்துப் போட்ட பிறகு கூடுதல் தொகை கேட்பார்கள். செடான் பானெட், ஃபெண்டர் எதுவும் கூபேக்குப் பொருந்தாது. அதையும் எம்3 பாகம் என்று தலையில் கட்டுகிறவர்கள் உண்டு. பம்பரின் உள்பக்கம் பிளாஸ்டிக் வகை அச்சிட்டிருக்கும். எந்த எழுத்தும் இல்லாமல் நார் தெரிந்தால் அது ஃபைபர்.

விற்கும்போது நடக்கிற மோசடியும் இங்கிருந்துதான் பிறக்கிறது. அசல் எம்3யின் சேசிஸ் நம்பர் டபிள்யூபிஎஸ் என்று தொடங்கும், சாதாரண கூபேயினுடையது டபிள்யூபிஏ. பேட்ஜ் என்ன சொன்னாலும் இந்த மூன்று எழுத்தை நம்புங்கள். மீட்டரில் ஓடிய தூரத்துக்குப் பக்கத்தில் சின்னப் புள்ளி ஒன்று எரிந்தால், அந்த மீட்டர் வேறு வண்டியிலிருந்து வந்து, இந்த வண்டிக்கென்று கோடிங் செய்யப்படாததாக இருக்கலாம். எம்3யின் 3,246 சிசி எஸ்54 எஞ்சினையும் மாற்றித் தருகிறோம் என்றால், எஞ்சின் கம்ப்யூட்டர், திருட்டுத் தடுப்புப் பெட்டி, சாவி மூன்றும் ஜோடியாக வருகிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் ஸ்டார்ட்டே ஆகாது.

வண்டியைக் கொடுக்கிறவர்கள் தொகையைக் கட்டம் கட்டமாகக் கொடுங்கள். பாகங்கள் வந்து இறங்கியதும் ஒரு பங்கு. வெல்டிங் முடிந்து பிரைமர் அடிக்கும் முன், வெறும் தகட்டை நேரில் பார்த்துப் படம் எடுத்த பிறகு ஒரு பங்கு. மீதி டெலிவரிக்கு. ‘பெயின்ட் முடிந்த பிறகு வந்து பாருங்கள்’ என்று சொல்கிற பட்டறையிலிருந்து அன்றே வண்டியை எடுத்து வந்துவிடுங்கள். பழைய குவார்ட்டர் பேனலையும் வெட்டி எடுத்த குழியையும் திருப்பித் தர வேண்டும் என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். வெட்டாதவரால் அதைக் காட்ட முடியாது. மாற்றங்களைப் பதிவுச் சான்றிலும் இன்சூரன்சிலும் எப்படிக் காட்ட வேண்டும் என்பதை வேலைக்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்தக் காருக்கு இப்போது இரண்டு குவார்ட்டர் பேனல், புது டிக்கித் தளம், சப்ஃப்ரேம் இறக்கி வெல்டிங், இருபது வீல் போல்ட்டும் புதிதாக வேண்டும். பட்டி அத்தனையையும் சுரண்டி எடுத்த பிறகு பழைய தகட்டில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்த்துத்தான் எதையும் தொடங்க முடியும்.