கிருமி எந்த மருந்துக்குக் கேட்கும்? வட்டு, குழி, மரபணு: மூன்று சோதனைகளின் அலசல்

நோயாளியின் மாதிரியிலிருந்து கிருமியை வளர்த்துச் சோதித்த கல்ச்சர் ரிப்போர்ட் கைக்கு வந்ததும் கண் போகும் இடம் ஒன்றுதான். ஆன்டிபயாடிக் பெயர்கள் வரிசையாக இருக்கும், ஒவ்வொன்றுக்கும் எதிரே எஸ், ஐ, ஆர் என்று ஓர் எழுத்து இருக்கும். எஸ் என்றால் கிருமி அந்த மருந்துக்குக் கேட்கும். ஆர் என்றால் கேட்காது. நடுவில் நிற்கும் ஐ-யை ஐரோப்பியக் குழுவான யூகாஸ்ட் 2019-லிருந்து 'அளவைக் கூட்டிக் கொடுத்தால் கேட்கும்' என்றே வரையறுத்துவிட்டது.

அந்த எழுத்து எப்படி வந்தது என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டும். ஒரே கிருமியை இரண்டு வழிகளில் சோதித்தால் சில சமயம் இரண்டு பதில்கள் வரும். அப்போது எதை நம்புவது என்பது நோயாளியின் உயிரைத் தொடும் விஷயம். மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களே நேரடிக் காரணமாக 2019-இல் உலகில் சுமார் 12.7 லட்சம் பேர் இறந்தார்கள் என்பது லான்செட் இதழில் வந்த மதிப்பீடு. இன்னொரு பக்கம் நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது. செப்டிக் ஷாக் (தொற்றால் இரத்த அழுத்தம் சரியும் நிலை) நோயாளிகளைப் பற்றி 2006-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், முதல் 6 மணி நேரத்துக்குள் சரியான மருந்து தாமதமான ஒவ்வொரு மணிக்கும் பிழைக்கும் வாய்ப்பு சராசரியாக 7.6 சதவீதம் குறைந்தது. சீக்கிரமும் வேண்டும், சரியாகவும் வேண்டும். இரண்டையும் ஒருசேர முழுதாகத் தரும் சோதனை இன்னும் இல்லை.

காகித வட்டு

இருப்பதில் மிக எளியது டிஸ்க் டிஃப்யூஷன். பாவர், கிர்பி குழுவினர் 1966-இல் ஒழுங்குபடுத்தித் தந்த முறை இது. மியூல்லர்-ஹின்டன் அகர் என்ற ஜெல்லி போன்ற ஊடகம் ஊற்றிய தட்டில் பாக்டீரியாவைச் சீராகப் பூசி, மருந்து ஊறிய சிறு காகித வட்டுகளை மேலே வைத்து, 35 டிகிரியில் 16 முதல் 18 மணி நேரம் விட்டுவிடுவார்கள். மறுநாள் பார்த்தால், மருந்து வேலை செய்த இடத்தில் வட்டைச் சுற்றிப் பாக்டீரியா வளராத தெளிந்த வளையம் இருக்கும். அதன் விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து அட்டவணையோடு ஒப்பிட்டு எழுத்தைப் போடுவார்கள்.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் அந்த வளையத்துக்குள் ஒரு பந்தயமே நடந்து முடிந்திருக்கிறது. வட்டிலிருந்து மருந்து வெளியே பரவிக்கொண்டிருக்கும்போதே பாக்டீரியாவும் பெருகிக்கொண்டிருக்கும். மருந்தின் செறிவு அந்த இடத்தை எட்டுவதற்குள் பாக்டீரியா ஓர் அடர்த்தியைத் தாண்டிவிட்டால், வளையத்தின் விளிம்பு அங்கே நின்றுவிடும். அதனால்தான் அகரின் தடிமன் 4 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்று அவ்வளவு பிடிவாதம். மெல்லிசாக ஊற்றினால் வளையம் பெரிதாகிவிடும், கேட்காத கிருமி கேட்பதுபோலத் தெரியும். பாக்டீரியாவை அடர்த்தியாகப் பூசினால் நேர்மாறாக வளையம் சுருங்கும். இன்னொன்று: ஒரு மருந்தின் வளையம் 30 மில்லிமீட்டர், இன்னொன்றுடையது 20 என்பதால் முதலாவது சிறந்த மருந்து ஆகிவிடாது. மூலக்கூறின் அளவு, வட்டில் உள்ள மருந்தின் எடை எல்லாம் மருந்துக்கு மருந்து மாறும்.

எனக்கு இந்த முறைமேல் தனிப் பிரியம் உண்டு, காரணம் அது காட்டும் வடிவங்கள். எரித்ரோமைசின் வட்டையும் கிளின்டாமைசின் வட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஸ்டஃபைலோகாக்கஸைச் சோதித்தால், சில நேரம் கிளின்டாமைசின் வளையம் எரித்ரோமைசின் பக்கம் மட்டும் தட்டையாகி, ஆங்கில எழுத்து டி போல நிற்கும். தனியாகச் சோதித்தால் கிளின்டாமைசினுக்கு எஸ் என்று வந்திருக்கும் கிருமி அது. எரித்ரோமைசின் தூண்டிவிட்டதும் எதிர்ப்பு விழித்துக்கொள்கிறது. அதே எதிர்ப்பு சிகிச்சையின் நடுவிலும் தலைதூக்கலாம் என்பதால் ரிப்போர்ட்டில் ஆர் என்றே எழுத வேண்டும். செஃபலோஸ்போரின் வகை மருந்துகளை வெட்டும் இஎஸ்பிஎல் என்சைம் சுரக்கும் கிருமிகளிலும் இப்படித்தான்: நடுவில் அந்த என்சைமை முடக்கும் கிளாவுலனேட் உள்ள வட்டு இருந்தால், பக்கத்து செஃபலோஸ்போரின் வளையம் அதை நோக்கிச் சாவித்துவாரம் மாதிரி நீளும். தெளிந்த வளையத்துக்குள் நாலைந்து காலனிகள் தனியாக முளைத்திருந்தால், கூட்டத்தில் ஒரு சிறு பகுதி மட்டும் மருந்தைத் தாங்குகிறது என்றோ, மாதிரியில் வேறு கிருமி கலந்திருக்கிறது என்றோ உடனே சந்தேகம் வரும். எண்ணை மட்டும் அச்சடிக்கும் ஒரு கருவி இதைக் கண்ணுக்குக் காட்டாது.

சரி, வட்டு எங்கே தோற்கிறது? பெரிய மூலக்கூறுகளில். வான்கோமைசின் அகரில் மெதுவாக ஊர்வதால், ஓரளவு எதிர்ப்பு உள்ள ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸுக்கும் எதிர்ப்பே இல்லாததற்கும் வளையத்தில் வித்தியாசம் தெரியாது. கொலிஸ்டின் இன்னும் மோசம்.

குழிகளில் ஏறும் எண்

கொலிஸ்டினுக்கு இன்று மற்ற முறைகளை ஒப்பிடும் அளவுகோலாக ஏற்றுக்கொள்ளப்பட்ட முறை பிராத் மைக்ரோடைல்யூஷன் ஒன்றே. மற்ற எல்லாம் கைவிட்ட பிறகு மருத்துவர்கள் எடுக்கும் மருந்து அது. அதைத் தாங்கும் எம்சிஆர்-1 மரபணு பிளாஸ்மிட் என்ற சிறு டிஎன்ஏ வளையம் வழியாகக் கிருமியிலிருந்து கிருமிக்குத் தாவுவது சீனாவிலிருந்து 2015-இல் அறிவிக்கப்பட்டதும், சோதனையைப் பற்றிய கவலை பல மடங்கானது. அடுத்த ஆண்டே ஆய்வகத் தரங்களை வகுக்கும் அமைப்புகளான அமெரிக்காவின் சிஎல்எஸ்ஐ, ஐரோப்பாவின் யூகாஸ்ட் இரண்டும் சேர்ந்து இந்த முறையைத்தான் பின்பற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டன.

முறை இதுதான். 96 குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டில் மருந்தின் செறிவு குழிக்குக் குழி இரட்டிப்பாகும்: மில்லிலிட்டருக்கு 0.25, 0.5, 1, 2, 4, 8 மைக்ரோகிராம் என்று. ஒவ்வொரு குழியிலும் மில்லிலிட்டருக்கு சுமார் 5 லட்சம் பாக்டீரியா இருக்கும்படி சேர்ப்பார்கள். மறுநாள் கலங்காமல் தெளிவாக இருக்கும் குழிகளில் மிகக் குறைந்த செறிவு எதுவோ அதுதான் எம்ஐசி. ஊடுருவல் வேகம் என்ற சிக்கல் இங்கே கிடையாது, மருந்தும் கிருமியும் ஒரே திரவத்தில் இருக்கின்றன. ஆனாலும் கொலிஸ்டின் சும்மா விடுவதில்லை. நேர்மின்னூட்டம் உள்ள அந்த மூலக்கூறு பிளாஸ்டிக் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். அதனால் எந்த வகைத் தட்டு என்பதையும் பார்த்துத்தான் சோதனை செய்ய வேண்டும்.

எண் கிடைத்துவிட்டால் மனதுக்கு ஒரு நிம்மதி வருகிறது. அந்த நிம்மதியில்தான் தவறும் நடக்கிறது. ஈகோலை கிருமிக்கு சிப்ரோஃப்ளாக்சசின் எம்ஐசி 0.5 என்றும், மெரோபெனெம் எம்ஐசி 2 என்றும் வந்தால், சிறிய எண் உள்ள சிப்ரோதான் நன்றாகக் கேட்கும் என்று தோன்றும். யூகாஸ்ட் அட்டவணையில் சிப்ரோவுக்கு எஸ் என்பது 0.25 வரைதான், மெரோபெனெமுக்கு 2 வரை. ஆக, பெரிய எண் உள்ளதுதான் எஸ். எம்ஐசி-யை அதே மருந்தின் எல்லை மதிப்போடு மட்டும் ஒப்பிடலாம், பக்கத்து மருந்தின் எம்ஐசி-யோடு ஒப்பிடக்கூடாது. அதோடு, அதே கிருமியைத் திரும்பச் சோதித்தால் ஒரு குழி மேலோ கீழோ போவது முறையின் இயல்பிலேயே உள்ள ஆட்டம். 1 என்று வந்த எண் மறுமுறை 2 ஆவதால் கிருமி மாறிவிட்டது என்று பதற வேண்டியதில்லை.

கையால் செய்ய இது அலுப்பான வேலை. அதனால் பல கூடங்களில் விட்டெக் 2, ஃபீனிக்ஸ் மாதிரியான தானியங்கிக் கருவிகள் இதே தத்துவத்தைச் சிறு அட்டைகளுக்குள் அடக்கி, பல நேரங்களில் அன்றைக்கே பதில் தருகின்றன. உழைப்பு குறைகிறது, ஆனால் அட்டையில் உள்ள மருந்துகளைத்தான் சோதிக்க முடியும். இடைப்பட்ட வழியாக ஈ-டெஸ்ட் பட்டை இருக்கிறது: செறிவு படிப்படியாக ஏறும் பட்டையை அகரில் வைத்தால், நீள்வட்டம் பட்டையை வெட்டும் இடத்தில் எம்ஐசி-யைப் படிக்கலாம். ஓரிரு மருந்துக்கு மட்டும் எண் வேண்டும் என்றால் அருமையான கருவி. கொலிஸ்டினுக்கு மட்டும் இதையும் நம்பக் கூடாது, பரவாத மருந்து பட்டையிலிருந்தும் பரவாது.

மரபணுவைக் கேட்டால்

மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் பாக்டீரியா வளர்ந்தாக வேண்டும். வளரவே வாரக்கணக்கில் எடுக்கும் கிருமியானால்? காசநோயில் இந்த ஒப்பீடு ஒருதலைப்பட்சமாகிவிடுகிறது. லோவென்ஸ்டைன்-ஜென்சன் ஊடகத்தில் மருந்து எதிர்ப்பைப் பார்த்து முடிக்க ஆறு வாரம் வரை ஆகும். உலக சுகாதார நிறுவனம் 2010 டிசம்பரில் ஏற்றுக்கொண்ட எக்ஸ்பெர்ட் என்ற மரபணுச் சோதனை, சளி மாதிரியிலிருந்தே காசநோய்க் கிருமி இருக்கிறதா, ரிஃபாம்பிசினுக்குக் கேட்குமா என்ற இரண்டையும் சுமார் இரண்டு மணி நேரத்தில் சொல்கிறது. ஆறு வாரம் தவறான மாத்திரையை விழுங்கிக்கொண்டு வீட்டிலிருப்பவர்களுக்கும் பரப்பிக்கொண்டிருந்த நோயாளிகளை நினைத்தால், இதற்கு நிகரான முன்னேற்றம் இந்தத் துறையில் அதிகம் இல்லை என்றே சொல்வேன்.

அது இவ்வளவு நன்றாக வேலை செய்வதற்குத் தனிக் காரணம் உண்டு. ரிஃபாம்பிசின் எதிர்ப்பில் பெரும்பகுதி, சுமார் 95 சதவீதம், ஆர்பிஓபி மரபணுவின் 81 எழுத்துகள் கொண்ட ஒரே துண்டில் நடக்கும் மாற்றங்களால் வருகிறது. அந்தத் துண்டைப் பார்த்தால் போதும். சில மாற்றங்களைத் திரவக் கல்ச்சரே தவறவிட்டது, மரபணுச் சோதனை பிடித்தது. அதனால் கல்ச்சரில் பயன்படுத்தும் ரிஃபாம்பிசின் செறிவை உலக சுகாதார நிறுவனம் 2021-இல் பாதியாகக் குறைக்க வேண்டியிருந்தது. புதிய முறை வந்து பழைய முறையின் அளவுகோலையே திருத்தியது. மறுபக்கமும் இருக்கிறது. அந்த 81 எழுத்துகளுக்கு வெளியே, 491-ஆம் இடத்தில் நடக்கும் ஒரு மாற்றத்தை எக்ஸ்பெர்ட் பார்ப்பதில்லை. எஸ்வாத்தினி நாட்டில் அந்த மாற்றம் கணிசமாகப் பரவியிருந்தது தெரியவந்தது. அப்புறம், செத்துப்போன கிருமியின் டிஎன்ஏவையும் சோதனை கண்டுபிடிக்கும் என்பதால், சிகிச்சை பலிக்கிறதா என்று பார்க்க இது உதவாது.

காசநோயில் கிடைத்த வெற்றியை அப்படியே சூடோமோனாஸுக்கும் கிளெப்சியெல்லாவுக்கும் நீட்டுவதுதான் ஆபத்து. இவற்றுக்கு மருந்தைத் தடுக்கப் பல வாசல்கள். மருந்தை வெட்டும் என்சைம் சுரக்கலாம், சவ்வில் உள்ள துளைகளை மூடலாம், உள்ளே வந்ததைப் பம்ப் வைத்து வெளியே தள்ளலாம். மெரோபெனெம் போன்ற மருந்துகளை வெட்டும் என்சைம்களைத் தரும் கேபிசி, என்டிஎம், ஆக்ஸா-48 மரபணுக்கள் இருக்கிறதா என்று டிஎன்ஏவைப் பெருக்கிப் பார்க்கும் பிசிஆர் சோதனை 'இருக்கிறது' என்றால் நம்பலாம், மருந்தை உடனே மாற்றலாம். 'இல்லை' என்றால் அந்த மூன்று மட்டும்தான் இல்லை. மெக்-ஏ மரபணுவைத் தேடும் சோதனைகள் எம்ஆர்எஸ்ஏ-வை (மெத்திசிலினுக்குக் கேட்காத ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ்) பிடிப்பதில் பேர் போனவை. ஆனால் 2011-இல் மெக்-சி என்ற அதன் உறவுக்காரன் அறிவிக்கப்பட்டபோது, அதைச் சுமந்த கிருமிகளை மெக்-ஏ பிசிஆர் கண்டுகொள்ளவில்லை. செஃபாக்ஸிடின் தடவிய பழைய காகித வட்டு பெரும்பாலும் பிடித்துவிட்டது. வட்டுக்கு மரபணுவின் பெயர் தெரிய வேண்டியதில்லை, கிருமி என்ன செய்கிறது என்று மட்டும் பார்க்கும்.

எதை எப்போது எடுப்பேன்

சாதாரண சிறுநீர்த் தொற்றுக்கு வட்டு தாராளமாகப் போதும். இதற்குப் பல மரபணுக்களை ஒரே நேரத்தில் தேடும் விலை உயர்ந்த மரபணுப் பேனல் போடுவது வீண்.

மூளைக்காய்ச்சலில் நியூமோகாக்கஸ் வந்தால் முதலில் 1 மைக்ரோகிராம் ஆக்ஸசிலின் வட்டு. வளையம் 20 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் பென்சிலினுக்குக் கேட்கும். குறைந்தால் வட்டின் வேலை அங்கே முடிந்தது, எம்ஐசி பார்க்காமல் ஒரு சொல்லும் எழுதக்கூடாது, ஏனென்றால் மூளைக்காய்ச்சலில் பென்சிலினுக்கான எல்லை 0.06 என்ற மெல்லிய கோடு. இதய வால்வுத் தொற்றிலும் எண்தான் சிகிச்சையின் வகையையும் காலத்தையும் முடிவு செய்கிறது. அங்கே எஸ் என்ற எழுத்து மட்டும் போதாது.

இரத்தத்தில் கிருமி என்றால் இரண்டையும் சேர்த்தே வைப்பேன். பாட்டிலில் வளர்ச்சி தெரிந்ததும் மரபணுப் பேனல், கூடவே அந்தப் பாட்டிலிலிருந்து நேரடியாகத் தட்டில் வட்டுகள். யூகாஸ்ட் இதற்கென்றே 4, 6, 8 மணி நேரத்தில் வளையம் படிக்கும் துரித முறையைத் தந்திருக்கிறது. எதிர்ப்பு மரபணு இருந்தால் உடனே வலுவான மருந்துக்கு ஏறலாம். இல்லை என்பதை மட்டும் வைத்து மருந்தைக் குறைக்க மாட்டேன், வட்டு சொல்லும்வரை காத்திருப்பேன்.

எந்த முறையும் உடம்புக்குள் எட்டிப் பார்ப்பதில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். டாப்டோமைசின் தட்டிலும் குழியிலும் அழகாக எஸ் காட்டும். நுரையீரலின் காற்றறைகளைப் பூசியிருக்கும் சர்ஃபாக்டன்ட் என்ற பொருள் அதைச் செயலிழக்கச் செய்துவிடும், அதனால் நிமோனியாவுக்கு உதவாது. அந்த எஸ்ஸை ரிப்போர்ட்டில் அச்சடிக்காமல் மறைப்பதே நோயாளிக்குச் செய்யும் உதவி.

வேகத்தின் மதிப்பைப் பற்றி 2015-இல் வெளியான ஓர் ஆய்வு என் மனதில் ஆழமாகப் பதிந்தது. இரத்தக் கல்ச்சரில் வளர்ச்சி தெரிந்த நோயாளிகளை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள்: வழக்கமான முறை, துரித மரபணுப் பேனல், பேனலோடு ஆன்டிபயாடிக் ஆலோசகரின் அழைப்பும். தேவைக்கு மேல் வலுவான மருந்தைக் குறைக்க ஆன நேரம் முதல் குழுவில் 34 மணி, இரண்டாவதில் 38 மணி. மூன்றாவதில் மட்டும் 21 மணி. இரண்டாவது, மூன்றாவது குழுக்களில் ஓடியது ஒரே பேனல்தான். மூன்றாவதில் யாரோ ஒருவர் முடிவைப் படித்து, வார்டுக்குப் போன் செய்திருந்தார்.